பழைய விலாசத்தில் பஜ்ஜி

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்னைப் பார்க்காமல் வேறொரு பெண்ணைப் பார்த்து, பிடித்துப்போய், பஜ்ஜியையும் பாராட்டிவிட்டுப் போனார்கள். அந்தப் பஜ்ஜிகூட எங்கள் வீட்டுப் பஜ்ஜி இல்லை. இதைக் கேட்கிறவர்கள் "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டுவார்கள். எனக்கு ஒரு பாவமும் இல்லை. அன்றைக்கு அவர்கள் வேறு வாசலில் போய் நின்றிருக்காவிட்டால், கம்ப்யூட்டரில் பாயிண்டர் என்றால் என்னவென்று எனக்குக் கடைசிவரை புரிந்திருக்காது. வேலையும் போயிருக்கும்.

எண்பதுகளின் பின்பாதி. ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூர் ரோட்டோரம் ஒரு தகர ஷெட்டில் எங்கள் கம்பெனி இருந்தது. லாரிகளை ஏற்றி நிறுத்தி எடை போடும் எலெக்ட்ரானிக் எடைமேடை செய்வோம். மேடை முழுக்க இரும்பு. அதற்கு மூளை ஒரு டப்பா. அந்த டப்பாவுக்குப் புரோகிராம் எழுதுவது நான். கணக்கில் பி.எஸ்ஸி., மெட்ராஸுக்குப் பஸ் ஏறிப் போய்ப் படித்த ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமோ, இவ்வளவுதான் என் தகுதி. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் துபாய்க்கு விசா வந்ததும், தான் எழுதிய புரோகிராமை அப்படியே விட்டுவிட்டுப் பறந்துவிட்டார். அது என் தலையில் விழுந்தது.

ஷெட்டிலேயே ஏசி இருந்தது கம்ப்யூட்டர் ரூமில் மட்டும்தான். முதலாளிக்குக்கூட மின்விசிறிதான். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், தூசு பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்பார் முதலாளி. அதே முதலாளி வெள்ளிக்கிழமை தவறாமல் மானிட்டருக்குப் பொட்டு வைத்து, அதன் முகத்துக்கு நேரே சாம்பிராணி காட்டுவார். அந்தப் புகை தூசுக் கணக்கில் சேராதாம்.

துபாய்க்காரரின் புரோகிராமில் திரும்பிய பக்கமெல்லாம் நட்சத்திரக் குறி. அந்தக் குறி இருந்தால் பாயிண்டர் என்று அர்த்தம். பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூடத்தில் பரப்பி வைத்துக்கொண்டு முழித்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, புள்ளி வெச்சிட்டு கோடு போட மறந்த கோலம் மாரி கீது" என்றாள். அதுவரை எனக்குக் கிடைத்த விளக்கங்களில் அதுதான் தெளிவாக இருந்தது.

இப்போது கேட்டால் மளமளவென்று சொல்வேன். கம்ப்யூட்டரின் மெமரி என்பது நீளமான ஒரு தெரு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதவு எண். பாயிண்டர் என்பது வீடும் இல்லை, வீட்டில் குடியிருப்பவரும் இல்லை; கதவு எண் எழுதிய துண்டுச் சீட்டு. புரோகிராமுக்கு எதையாவது குறித்து வைக்க இடம் வேண்டுமென்றால் மெஷினிடம் கேட்கும். மெஷின் ஒரு காலி வீட்டைப் பார்த்துக் கொடுத்து, கதவு எண்ணைச் சீட்டில் எழுதித் தரும். வேலை முடிந்ததும் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமலே போனால் தெரு நிறைந்து, மெஷின் நின்றுவிடும். அப்போதும் இதையெல்லாம் ஒப்பிப்பேன். ஒப்பிப்பது வேறு, புரிவது வேறு. பரீட்சையில் இரண்டுக்கும் ஒரே மார்க்குதான் என்பதால் அதுவரை எனக்கு வித்தியாசம் தெரிந்திருக்கவில்லை.

தெரிய வைத்தது ஒரகடத்துப் பக்கம் இருந்த ஒரு கல் குவாரி. எங்கள் எடைமேடை ஒன்றை அங்கே போட்டிருந்தோம். காலி லாரி மேடையில் ஏறியதும் ஆபரேட்டர் டிரைவர் கையில் ஒரு பித்தளை டோக்கனைக் கொடுத்துவிட்டு, அதன் நம்பரை மெஷினில் தட்டுவார். மெஷின் மெமரியில் ஓர் இடம் பிடித்துக் காலி எடையை அதில் எழுதிக்கொள்ளும். எந்த டோக்கனுக்கு எந்த இடம் என்று ஒரு சீட்டும் வைத்துக்கொள்ளும். லாரி ஜல்லி ஏற்றிக்கொண்டு திரும்பி வந்ததும் அதே டோக்கன் நம்பரைத் தட்டினால், சீட்டைப் பார்த்து, அந்த இடத்துக்குப் போய், காலி எடையை எடுத்துக் கழித்து, ஜல்லி எவ்வளவு என்று ரசீது அடித்துக் கொடுக்கும்.

நன்றாகத்தான் ஓடியது, எப்போதாவது தவிர. அந்த எப்போதாவதில் ஏதாவது ஒரு வண்டிக்குக் கன்னாபின்னாவென்று எடை வரும். ஒருநாள் டிரெய்லர் நிறைய ஜல்லி ஏற்றி வந்த டிராக்டருக்குக் கழித்தல் குறி போட்டு ரசீது வந்தது. அதாவது அந்த டிராக்டர்தான் எங்கிருந்தோ ஜல்லி கொண்டுவந்து குவாரிக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. டிராக்டர்காரர் ரசீதை நெஞ்சில் குத்திக்கொள்ளாத குறையாகக் காட்டிக்கொண்டு திரிந்தாராம்.

குவாரிக்காரர் நேரே ஷெட்டுக்கு வந்து முதலாளி மேஜையில் அந்த ரசீதைப் போட்டார். "தோ பாருங்க. வர்ற திங்கக்கெழமைக்குள்ள மெஷினு சரியா ஆவணும். இல்லாங்காட்டி பேத்துக் கொணாந்து உங்க வாசல்லயே போட்டுட்டுப் பூடுவேன்."

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "உன் ப்ரொபேஷன் இந்த மாசத்தோட முடியுதும்மா. அந்தக் குவாரி மெஷின் ஓடிச்சின்னா நீயும் ஓடுவ" என்றார். நான் ஓடுவது எந்தத் திசையில் என்று கேட்க தைரியம் வரவில்லை.

எங்கள் கம்பெனியில் வயரிங், சர்க்யூட் எல்லாம் பார்ப்பவர் திருநெல்வேலிக்காரர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். வாயில் எப்போதும் ஒரு கிண்டல் இருக்கும். இருவரும் அவர் ஸ்கூட்டரில் குவாரிக்குப் போனோம். அவர் எல்லா வயரையும் இழுத்துப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "என் பக்கம் ஒரு குத்தமும் இல்ல பாத்துக்கோங்க. உங்க புரோகிராம்லதான் ஏதோ பேய் கெடக்கு. வேப்பிலை அடிச்சுப் பாருங்களேன்."

அடித்துப் பார்த்தேன். அதாவது, மேடை பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பார்த்தவரை எல்லா லாரிக்கும் சரியாகவே எடை வந்தது. யோக்கியன் மாதிரி நடித்தது மெஷின். அடித்து நொறுக்கலாம் போல் ஆத்திரம் வந்தது எனக்கு. தப்பு செய்கிற மெஷினைத் திருத்திவிடலாம். நான் பார்க்கும்போது மட்டும் தப்பு செய்யாத மெஷினை என்ன செய்வது?

வீட்டில் வேறொரு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரு வரன். ஜாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம். அவருடைய அத்தைதான் அந்த வீட்டில் எல்லாம். கல்யாணத்துக்கு அப்புறம் பெண் வேலைக்குப் போகக்கூடாது என்று புரோக்கரிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். குவாரிக்காரரின் திங்கட்கிழமைக்கு முதல் நாள்.

நான் அப்பாவிடம் சண்டை போட்டேன். அப்பா கெட்டவரில்லை. கணக்குப் பார்க்கிறவர். "வேல நிலைச்சிச்சின்னா நானே அவங்ககிட்ட பேசறேன். நிலைக்கலன்னா இன்னாத்த வெச்சிப் பேசறது, நீயே சொல்லு" என்றார். எனக்கு அந்த வேலை வேண்டும். அந்தக் குளிர்ந்த அறை, பச்சை எழுத்து, மண்டையைக் குடைந்து எதையோ கண்டுபிடிக்கும்போது வருகிற திமிர், எல்லாம் வேண்டும். அந்த அத்தைக்குக் காபி ஆற்றிக் கொடுப்பதற்காக அதை விட எனக்கு மனசே இல்லை.

இந்த இடத்தில் ஆடி மாதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆடியில் எங்கள் பக்கம் யாரும் வீடு மாற மாட்டார்கள், பெண்ணும் பார்க்க மாட்டார்கள். ஆவணி பிறந்ததும் அணை திறந்த மாதிரிதான். முதல் முகூர்த்த நாளில் ஊரில் பாதிப் பேர் பாய் தலையணையோடு இடம் மாறுவார்கள். நாங்களும் அப்படித்தான் கோயில் பக்கத்துத் தெருவிலிருந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாறினோம். எங்கள் சாமான்களை இறக்கிய அதே டெம்போ, திரும்பிப் போய் எங்கள் பழைய வீட்டுக்குப் புதிய குடித்தனத்தின் சாமான்களைக் கொண்டு சேர்த்தது. எங்கள் காலண்டர் ஆணி சுவரில் ஆடிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் பால் காய்ச்சிவிட்டார்கள்.

வீடு மாறியதைப் பால்காரருக்குச் சொன்னோம், ரேஷன் கடைக்குச் சொன்னோம், சீட்டுப் பிடிக்கிற அம்மாவுக்குக்கூடச் சொன்னோம். கல்யாண புரோக்கருக்கு மட்டும் சொல்லவில்லை. அம்மா சொல்லியிருப்பாள் என்று அப்பாவும், அப்பா சொல்லியிருப்பார் என்று அம்மாவும் நிம்மதியாக இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே என்னைப் பட்டுப்புடவையில் சுற்றி உட்கார வைத்துவிட்டார்கள். நாலரைக்கு ராகு காலம் பிறக்கும். அதற்குள் வந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள் என்பது ஏற்பாடு. அம்மா வாழைக்காய் பஜ்ஜி போட்டு அடுக்கினாள். மூன்றரை ஆயிற்று, நான்கு ஆயிற்று. பஜ்ஜி ஆறியது. ராகு காலம் பிறந்தது. டிவியில் மாலைப் படமும் ஆரம்பித்துவிட்டது. யாரும் வரவில்லை. "இன்னாங்க, வர வழில ஏதாவது ஆயிப்போச்சா?" என்று அம்மா வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொண்டு பஜ்ஜியைத் தின்றேன்.

அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடிப் போனார். திரும்பி வந்தவர் சைக்கிளை நிறுத்தவே மறந்து, கையில் பிடித்தபடியே வாசலில் நின்றார்.

"வந்துட்டுப் பூட்டாங்க" என்றார்.

"எங்க வந்தாங்க?"

"பழைய வூட்டுக்கு. பொண்ண ரொம்பப் புடிச்சிப் போச்சாம்."

நடந்தது இதுதான். புரோக்கர் எழுதிக் கொடுத்த சீட்டில் இருந்தது எங்கள் பழைய கதவு எண். அதைக் கையில் வைத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். அங்கே புதிதாகக் குடிவந்தவர்களுக்கும் ஒரு பெண். ஆவணி முதல் ஞாயிறாயிற்றே, அவளையும் பார்க்க அன்றைக்கு ஒரு கூட்டம் வருவதாக இருந்தது. அந்தக் கூட்டம் ஏதோ துக்கச் செய்தி கேட்டுப் பாதி வழியில் திரும்பிப் போனது இவர்களுக்குத் தெரியாது. பட்டுச்சட்டையும் வெற்றிலைத் தட்டுமாக ஆட்கள் வாசலில் நின்றதும் "வாங்க வாங்க" என்று பாய் விரித்துவிட்டார்கள். சம்பந்தம் பேச வந்த இடத்தில் "நீங்க யாரு, எந்த ஊரு?" என்று யாராவது கேட்பார்களா? கேட்டால் அவமரியாதை. பெண்ணின் பேரைக் கேட்பது அதைவிடப் பெரிய அவமரியாதை. ஜாதகத்திலேயே பேர் இருக்கிறதே, அதைக்கூடப் படிக்கவில்லையா என்று ஆகிவிடும். ஆகவே யாரும் எதையும் கேட்கவில்லை. எல்லோரும் சாப்பிட்டார்கள்.

மாப்பிள்ளையின் அத்தை ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம். "பொண்ணு வேலைக்கெல்லாம் போகக்கூடாது."

அந்தப் பெண்ணின் அப்பா திகைத்துப்போய், "எந்த வேலைங்க? அதெல்லாம் போறதே இல்லீங்களே" என்றிருக்கிறார்.

சொல்லி வாய் மூடுவதற்குள் வேலையையே இல்லையென்று ஆக்கிவிட்டார்களே, எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று அத்தைக்கு ஆனந்தம். ராகு காலத்துக்குள் கிளம்ப வேண்டிய அவசரம் வேறு.

அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்புப் பீறிட்டது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். அம்மா அழவே ஆரம்பித்துவிட்டாள். "அந்த வூடு பூட்டி இருந்திருக்கக் கூடாதா? பூட்டி இருந்தா பக்கத்து வூட்ல கேட்டுகினு நேரா இங்க வந்திருப்பாங்களே!"

என் சிரிப்பு சட்டென்று நின்றது. அம்மா என்ன சொன்னாள்?

நாங்கள் வீட்டை ஒழுங்காகக் காலி செய்தோம். சாவியை வீட்டுக்காரரிடம் ஒழுங்காகக் கொடுத்தோம். ஆனால் புரோக்கர் கையில் இருந்த சீட்டை யாரும் கிழிக்கவில்லை. வீட்டைத் திருப்பிக் கொடுத்தால் சீட்டு தானாகக் கிழிந்துவிடாது. பூட்டிய வீடாக இருந்திருந்தால் தப்பு அங்கேயே தெரிந்திருக்கும். வேறொருவர் குடிவந்து, கதவைத் திறந்து, உபசாரமும் செய்ததால்தான் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

"அப்பா, அவங்க சீட்ட கைல வெச்சிகினுதான் வந்தாங்களா?" என்றேன்.

"ஆமா. ஏன்?"

நான் பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து பிரிண்ட் காகிதத்தைப் பரப்பினேன். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அப்பாவைப் பயத்தோடு பார்த்தாள். மெஷினில் கேன்சல் என்று ஒரு பட்டன் உண்டு. காலி எடை போட்ட லாரி லோடு ஏற்றாமலே போய்விட்டால் அதை அழுத்த வேண்டும். துபாய்க்காரர் அதற்கு எழுதியிருந்ததைக் கண்டுபிடித்தேன். மெமரியில் பிடித்த இடத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தார், ரொம்ப ஒழுங்காக. டோக்கனுக்கு எதிரே இருந்த பழைய கதவு எண்ணை அழிக்காமல் விட்டிருந்தார். காலியான அந்த இடத்தை மெஷின் அடுத்த லாரிக்குக் கொடுக்கும். பழைய டோக்கனோடு யாராவது வந்தால் அதே கதவைத் தட்டும், அடுத்த லாரியின் எடையைப் பார்த்து, பிடித்துப்போய், ரசீது அடித்துவிடும். டிராக்டரின் எடையிலிருந்து ஒரு பெரிய லாரியின் காலி எடையைக் கழித்தால் கழித்தல் குறி வராமல் என்ன செய்யும்?

மறுநாள் காலை செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். திருத்தம் இரண்டே இரண்டு. கேன்சல் செய்தால் சீட்டில் பூஜ்யம் போடு. கதவைத் தட்டுவதற்கு முன் சீட்டில் பூஜ்யமா என்று பார். திருநெல்வேலிக்காரர் சிப்பில் ஏற்றிக் கொடுத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அது சரி, கேன்சல் பண்ணுன டோக்கன எவன் திரும்பக் கொண்டாருவான்? ஆபரேட்டர் வாங்கி வச்சிருவாம்லா."

குவாரியில் நான் முதலில் மெஷினைத் தொடவில்லை. வரிசையில் நின்ற டிரைவர்களிடம் போனேன். ஒருவர் லாரி காலியாக நிற்க, சக்கரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, காலி எடை போட்டாச்சா?"

"அப்பவே போட்டாச்சி. கல்லு இன்னும் ஒடைக்கல. ஆபரேட்டரு கேன்சல் பண்ட்டாரு."

"அப்ப டோக்கன்?"

அவர் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். "இத்த குடுத்துட்டா வரிசையில கடைசிலதான் நிக்கணும். டோக்கன் கைல கீதுன்னா நம்ம எடம் நம்மளுது."

அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. அந்தக் குவாரியில் டோக்கன் என்பது எடைக்கான அடையாளம் இல்லை, பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடித்த சீட். கேன்சல் செய்தவர் யாரும் அதைத் திருப்பிக் கொடுத்ததே இல்லை. நான் பார்க்க வந்த அன்றைக்குக் கல் தயாராக இருந்ததால் யாரும் கேன்சல் செய்யவில்லை, அவ்வளவுதான்.

புதிய சிப்பைப் போட்டோம். கல் வந்ததும் அதே டிரைவர் லோடு ஏற்றிக்கொண்டு வந்து டோக்கனை நீட்டினார். ஆபரேட்டர் நம்பரைத் தட்டினார். மெஷின் யாருடைய எடையையும் எடுக்காமல், சிவப்பில் 'எரர்' காட்டிவிட்டு நின்றது. வாழ்க்கையில் ஒரு எரரைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். டிரைவர்தான் கொதித்துப்போனார். "இன்னாமா நீ, நல்லா இருந்த மெஷின ரிப்பேர் பண்ணிட்ட!" குவாரிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். கழித்தல் குறி ரசீது அதற்குப் பிறகு வரவில்லை. மாதக் கடைசியில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "சரி, இரு" என்றார். வேலை நிரந்தரமானதை அவர் அந்த இரண்டு வார்த்தையில்தான் சொன்னார்.

அப்பா நேர்மையாகப் போய்ப் புரோக்கரிடம் விஷயத்தைச் சொன்னார். புரோக்கர் பதறிப்போய் அத்தையிடம் சொன்னார். அத்தை பதறவில்லை. "பாத்த பொண்ணே இருக்கட்டும், அந்தப் பொண்ணு வேலையே வேணாம்னுடுச்சே" என்று சொல்லி, அந்தப் பெண்ணின் ஜாதகத்தை வாங்கிப் பொருத்தம் பார்த்தார். பொருந்தியது. அப்பாடா என்று இருந்தாலும், எனக்கும் கொஞ்சம் குத்தியது. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டாவது வேண்டாம் என்றிருக்கலாம்.

வல்லக்கோட்டை முருகன் கோயிலில் கல்யாணம். எங்களுக்கும் அழைப்பு. மணமேடைக்குப் பின்னால் பெண்ணின் புடவையைச் சரிசெய்யும் சாக்கில் அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவள் என் காதில் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, எனக்கும் வேலைக்குப் போணும்னுதான் ஆச. அப்ப எதுவும் அமையல. அதான் அப்பா இல்லன்னு சொல்லிட்டாரு. ஆசை கீதான்னு யாரும் கேக்கல."

இரண்டு வாரமாக ஊர் முழுக்க அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். என் தலையில் விழ வேண்டிய நிபந்தனை இவள் தலையில் விழுந்திருக்கிறது. ஒரு லாரியின் காலி எடை இன்னொரு லாரியின் ரசீதில் வந்ததைப் போல. அதை நான் கவனிக்கவே இல்லை.

கொஞ்ச நாளில் எங்கள் ஷெட்டில் சர்க்யூட்டில் ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் வேலைக்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள். முதலாளியிடம் சொல்லிவிட்டு நானே சுங்குவார்சத்திரம் போனேன். கதவு எண்ணை இரண்டு தடவை சரிபார்த்து, பக்கத்து வீட்டிலும் விசாரித்துக்கொண்டுதான் தட்டினேன். அத்தைதான் திறந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் சுருங்கியது.

"அதான் பொண்ணு பாக்க வந்தப்பவே சொன்னேனே, வேலைக்குப் போகக்கூடாதுன்னு. சரின்னுதானே சொன்னீங்க?" என்று மருமகள் பக்கம் திரும்பினார்.

அந்தப் பெண் என்னைக் கைகாட்டினாள். ரொம்ப சாதுவான குரலில், கண்ணைக்கூட உயர்த்தாமல் சொன்னாள்.

"அந்தக் கண்டிஷன நீங்க புரோக்கர்கிட்ட சொல்லி இந்த அக்காவுக்குத்தானே அத்தை அனுப்பினீங்க? எனக்கு ஒண்ணும் வரலியே."